சாப்பிடும் கை

எங்கள் நரம்பியல் வார்டில் எந்த நோயாளியைப் பற்றிப் பேசினாலும் முதல் வாக்கியம் ஒரே அச்சில்தான் வரும். வயது, ஆணா பெண்ணா, வலது கைப் பழக்கம் உள்ளவர். இதெல்லாம் சொன்ன பிறகுதான் அந்த ஆளுக்கு என்ன வந்தது என்றே தெரியும். தலைவலியோடு வந்தவரும் வலது கைப் பழக்கம், பாதம் எரிகிறது என்று வந்தவரும் வலது கைப் பழக்கம். இடது கை என்று, எங்களிடம் மேற்படிப்புக்கு வரும் ஒரு பி.ஜி. வாயிலிருந்து நான் கேட்டது அபூர்வத்திலும் அபூர்வம். இந்த மாவட்டத்தில் இடது கைக்காரர்களே பிறப்பதில்லையா என்று ஒருமுறை எங்கள் சீஃபிடம் கேட்டேன். அவர் சிரித்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது.

காரணம் எனக்குத் தெரியும். கேட்கிற கேள்வி அப்படி. "சாப்பிடறது எந்தக் கையில?" நம் ஊரில் இதற்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. இடது கையைச் சோற்றில் வைத்தால் அந்தக் கையிலேயே ஒன்று போடாத அம்மா இங்கே கிடையாது. கூழாங்கல்லை இடது கையால் எறிந்து மாங்காய் அடிக்கிறவனும் பந்தியில் உட்கார்ந்தால் வலது கையால்தான் பிசைவான். பள்ளிக்கூடம் போயிருந்தால் எழுதுவதும் வலது கைதான், அதற்கு டீச்சர் பொறுப்பு. அதனால் சாப்பிடும் கையைக் கேட்காதீர்கள், கல்லெறிகிற கை, ஆணி அடிக்கிற கை, தீக்குச்சி கிழிக்கிற கை எது என்று கேளுங்கள் என்று ஒவ்வொரு வருஷமும் புதிதாக வரும் பி.ஜி.க்களிடம் தொண்டை வறளச் சொல்கிறேன். தலையாட்டுகிறார்கள். போனில் குறித்துக்கொள்கிறார்கள். மறுநாள் கட்டில் பக்கத்தில் போய் நின்று, "ஐயா, சாப்பிடறது எந்தக் கையில?" என்கிறார்கள்.

எந்தக் கையாக இருந்தால் என்ன என்று படிப்பவர்கள் கேட்கலாம். பேச்சுக்காகத்தான். வலது கைக்காரர்கள் கிட்டத்தட்ட எல்லோருக்கும் பேச்சு மூளையின் இடது பாதியில் இருக்கிறது. அந்தப் பாதியில் ரத்தம் அடைத்தால் உடம்பின் வலது பக்கம் விழும், பேச்சும் போகும். வலது பாதியில் அடைத்தால் உடம்பின் இடது பக்கம் விழும், பேச்சு பிழைத்துக்கொள்ளும். இடது கைக்காரர்களில் சிலருக்கு மட்டும் பேச்சு வலது பாதிக்கு இடம் மாறியிருக்கும். அந்தச் சிலரைத் தவறவிடக் கூடாது என்றுதான் அந்த வாக்கியத்தில் கையைப் பற்றி ஒரு சொல்லை வைத்தார்கள். எங்கள் பிள்ளைகள் சொல்லை வைத்துக்கொண்டு விஷயத்தை விட்டுவிட்டார்கள்.

பிள்ளைகள் என்கிறேன், அவர்கள் ஒன்றும் சின்னப் பிள்ளைகள் இல்லை. எம்.பி.பி.எஸ். முடித்து, எம்.டி. முடித்து, பெரிய பெரிய நுழைவுத் தேர்வுகளைத் தாண்டி, முப்பதை ஒட்டிய வயதில் மூன்று வருஷம் மறுபடியும் மாணவர்களாக எங்களிடம் வருகிறார்கள். பாதிப் பேருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. நாலு விடையில் சரியானதைத் தொடு என்றால் கண்ணை மூடிக்கொண்டு தொடுவார்கள். நான் மறந்தே போன நோய்களின் பெயரெல்லாம் அவர்கள் நாக்கு நுனியில் இருக்கிறது. ஆனால் ஒரு மனுஷியைப் பார்த்து, "என்னம்மா, எப்படி இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு அவள் பதில் சொல்லி முடிக்கும் வரை நிற்கத் தெரியாது.

அவர்களை மட்டும் குறை சொல்லியும் பயனில்லை. முதல் வருஷம் அவர்கள் கற்றுக்கொள்வதில் பெரும்பகுதி நரம்பியலே இல்லை. எம்.ஆர்.ஐ. எடுப்பவரிடம் எப்படிக் கெஞ்சினால் இன்றைக்கே எடுப்பார், எந்த லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையும், கல்லூரியைச் சோதிக்க ஆட்கள் வரும் நாளில் எந்த அலமாரியைப் பூட்டி வைக்க வேண்டும், இதெல்லாம்தான் பாடம். காலை ரவுண்ட்ஸ், அப்புறம் ஓ.பி.யில் வலிப்பும் தலைவலியும் வாசல் வரை வரிசை, நடுவில் ஸ்ட்ரோக் என்று போன் வந்தால் கேஷுவாலிட்டிக்கு ஓட்டம், மாலையில் ஆய்வுக் கட்டுரை. சுத்தியலை எடுத்து முழங்காலில் தட்டிப் பார்க்க நேரம் எங்கே? ஸ்கேன் படம் போனில் வந்துவிடுகிறது. முதலில் படத்தைப் பார்த்துவிட்டு, அதில் இருப்பதற்கு ஏற்ற மாதிரி உடம்பைப் பரிசோதிக்கிறார்கள். பரிசோதனையும் சமர்த்தாகப் படத்தோடு ஒத்துப்போய்விடுகிறது.

இந்த லட்சணத்தில், பி.ஜி.க்களுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது என்று எனக்கே கற்றுக்கொடுக்க ஒரு பயிலரங்கம் வைத்தார்கள். போன வருஷம், மாமல்லபுரம் கடற்கரையில் ஒரு ரிசார்ட்டில். போகாவிட்டால் பதவி உயர்வுக்கு ஆகாது என்று ஆர்டர். வார்டை பி.ஜி.க்கள் கையில் விட்டுவிட்டுப் போனேன்.

குளிரூட்டிய அறையில் எங்களை வட்டமாக உட்கார வைத்தார்கள். ஆளுக்கொரு பலூன் கொடுத்து ஊதச் சொன்னார்கள். எதற்கு என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. சார்ட் பேப்பரில் ஒரு மரம் வரைந்து, நல்ல ஆசிரியரின் குணங்களை இலை இலையாக எழுதி ஒட்டச் சொன்னார்கள். என் பக்கத்தில் இருந்த எலும்பு டாக்டர் எல்லா இலையிலும் "பொறுமை" என்றே எழுதினார். அவர் தன் பி.ஜி.க்களை எப்படித் திட்டுவார் என்று ஊருக்கே தெரியும். நோயாளியின் குடும்பத்திடம் எப்படிப் பேச வேண்டும் என்று ஒரு நாடகம் போட்டுக் காட்டினார்கள். அதில் நோயாளியின் மனைவி அழகாக அழுதாள், டாக்டர் அழகாக அவள் தோளைத் தொட்டார், எல்லோரும் கைதட்டினார்கள். வெளியே கடல் அது பாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தது. சாப்பாடு மட்டும் குறை சொல்ல முடியாது, வஞ்சிரம் வறுவல் நன்றாக இருந்தது.

சான்றிதழை வாங்கிக்கொண்டு, திருக்கழுக்குன்றம் வழியாகத் திரும்பி, மறுநாள் காலை நேராக வார்டுக்குப் போனேன். ஜன்னலோரக் கட்டிலில் ஒரு புது ஆள். ஐம்பதைத் தாண்டிய, கருத்து இறுகிய உடம்பு. செய்யூர் பக்கம் சவுக்குத் தோப்புகளில் மரம் வெட்டுகிறவர். கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். இடது கையும் இடது காலும் போட்டது போட்டபடி கிடந்தன. பக்கத்து ஸ்டூலில் மனைவி, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு.

முதல் வருஷப் பையன் ஆரம்பித்தான். பையன் என்று சொல்லிப் பழகிவிட்டது, எம்.டி. முடித்தவன். "ஐம்பத்திரண்டு வயது, ஆண், வலது கைப் பழக்கமுள்ளவர்..." ரத்த அழுத்தம் உண்டு, மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. இடது பக்கம் விழுந்திருக்கிறது. மூளையின் வலது பாதியில் அடைப்பு, ஸ்கேனிலும் அதுவே. தாமதமாகக் கொண்டுவந்ததால் அடைப்பைக் கரைக்கும் ஊசி போட முடியவில்லை. எல்லாம் சரியாகத்தான் சொன்னான். கடைசியில், "வந்ததிலிருந்து பேசவில்லை" என்று ஒரு வரி சேர்த்தான்.

"பேச முடியலையா, பேசலையா?" என்று கேட்டேன்.

"பேசல, மேடம். நாக்கு நல்லா அசையுது. முழுங்கறார். கண்ணை மூடுங்கன்னா மூடறார், சொல்றது புரியுது. அடைப்பு வலது பாதியில. பேச்சுக்கு ஒண்ணும் ஆகல."

"எழுதச் சொன்னீங்களா?"

"எழுதப் படிக்கத் தெரியாது, மேடம். சைக்கியாட்ரிக்குக் கேட்டிருக்கோம்."

கடைசி வருஷப் பெண் குறுக்கே வந்தாள். தேர்வு நெருங்குகிற நேரம், கண்ணுக்குக் கீழே கருவளையம், வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை. "மேடம், வலது கைக்காரங்களுக்கும் ரொம்ப அபூர்வமா பேச்சு வலது பாதியில இருக்கும் இல்லையா, அதுவா இருக்கும்னு நினைக்கிறேன். அப்படி இருந்தா கேஸ் ரிப்போர்ட் எழுதலாம்." சொல்லும்போதே முகத்தில் ஒரு வெளிச்சம். அச்சில் வரப்போகும் தன் பெயரை அவள் பார்த்துவிட்டாள்.

அவன் மனசு என்றான், இவள் அபூர்வம் என்றாள். வலது கை என்ற சொல்லை மட்டும் இரண்டு பேரும் சந்தேகப்படவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார்.

"டாக்டரம்மா, நீங்கதான் பெரிய டாக்டரா? நீங்க ஒரு வார்த்த சொல்லுங்கம்மா அவராண்ட. எம்மேல கோவம், அதான் பேசமாட்டேன்றாரு. இந்தத் தம்பியே சொல்லிடுச்சி, வாயில ஒண்ணும் கோளாறு கெடயாது, அவருக்கா இஷ்டம் வந்தா பேசுவாருன்னு."

நான் தம்பியைப் பார்த்தேன். தம்பி தன் கையிலிருந்த டியூனிங் ஃபோர்க்கைப் பார்த்தான்.

"இன்னா சண்டை?" என்றேன். எனக்கும் இதே பக்கம், சிங்கப்பெருமாள் கோயில்தான் ஊர். வார்டில் இந்தப் பேச்சு தானாக வந்துவிடும்.

"சண்ட இன்னாம்மா சண்ட. பிரசர் மாத்திர போடுய்யான்னேன். தெனமும் இதே ரோதன. மாத்திரயும் தண்ணிச் சொம்பும் கையில குட்த்துட்டு, இப்ப நீ போட்டாதான் சோறுன்னுட்டேன். சொம்பத் தூக்கி எறிஞ்சாரு பாருங்க, செவுத்துல பட்டு நசுங்கிப் பூட்ச்சி. சாப்டாமக்கூட பட்த்துட்டாரு. காலீல எழுந்திருக்கல. கூப்ட்டேன், பேசல. சர்தான், கோவம் தீரல, கெடக்கட்டும்னு வுட்டுட்டு மல்லாட்ட புடுங்கப் பூட்டேன். மத்தியானம் வந்து பாக்கறேன், அப்பிடியே கீறாரு."

இதைச் சொல்லிக்கொண்டே அவர் கணவரின் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். விரல்களை ஒவ்வொன்றாக நீவினார்.

"இந்தக் கையாலதாம்மா எறிஞ்சாரு. எறிஞ்ச கையவே ஆத்தா புடிச்சிக்கினா."

கடைசி வருஷப் பெண்ணின் முகத்தில் இருந்த வெளிச்சம் அணைந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது, நல்ல மூளை. முதல் வருஷத்துக்கு இன்னும் புரியவில்லை.

"அம்மா, மரம் வெட்டறதுக்கு எந்தக் கையில கத்தி புடிப்பாரு?"

"இந்தக் கைதான். சின்ன வயசுலேர்ந்து அவரு பீச்சாங்கைக்காரரு. சோறு மட்டுந்தான் சோத்தாங்கையில துன்னுவாரு. இந்தத் தம்பியும் சோறு எதுல துன்னுவாருன்னுதான் கேட்டுச்சி."

என்னென்ன சொல்லித் திட்டினேன் என்று எழுதினால் அந்தச் சான்றிதழைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். வராந்தாவுக்கு இழுத்துப் போய்த்தான் திட்டினேன், ஆனால் வார்டு முழுக்கக் கேட்டதாகப் பிறகு சிஸ்டர் சொன்னார். ஒரு கேள்வி. ஒரே ஒரு கேள்வியைச் சரியாகக் கேட்கத் தெரியாமல், மூளையில் பேச்சு போன மனுஷனுக்கு மனசில் வியாதி என்று எழுதியாயிற்று. அதோடு விடாமல், ஒரு பொம்பளையிடம் போய் உன் புருஷன் வேண்டுமென்றேதான் உன்னிடம் பேசவில்லை என்றும் சொல்லியாயிற்று. ஏற்கெனவே அவள் அவர் கோபம் என்று நினைத்து வேர்க்கடலை பிடுங்க வயலுக்குப் போனவள். அந்த நினைப்பிலேயே அவளை மறுபடியும் உட்கார வைத்தது நாம் என்று கத்தினேன். "சாரி மேடம்" என்றான். இந்த சாரி மேடத்தைக் கேட்டாலே எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

"என்கிட்ட எதுக்கு சாரி? அந்தம்மாகிட்ட போய் நீங்களே சொல்லுங்க. நீங்கதானே அப்படிச் சொன்னீங்க."

போனான். நானும் பின்னாலேயே போய் நின்றேன், நம்பிக்கை இல்லாததால். "அம்மா, மூளையில ரெண்டு அரைக்கோளம் இருக்கு," என்று ஆரம்பித்தான். நான் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. நல்லவேளை, அவனே நிறுத்திக்கொண்டான். பிறகு, "நான் சொன்னது தப்பும்மா," என்றான். "அவருக்குப் பேச வரல. பேசணும்னுதான் நினைக்கிறார். வார்த்தை வர்ற இடத்துலதான் அடைப்பு. உங்க மேல கோவத்துல பேசாம இல்ல."

அந்த அம்மா அழுவார் என்று எதிர்பார்த்தேன். ரிசார்ட் நாடகத்தில் அந்த இடத்தில்தான் அழுதார்கள். இவர் அழவில்லை. அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"கோவம் இல்லியா?"

"இல்லம்மா."

"கோவம்னா எனக்குத் தெரியும், தம்பி. ரெண்டு நாளு மூஞ்சத் தூக்கிக்கினு இருப்பாரு, மூணா நாளு அவரே வந்து சோத்தப் போடும்பாரு. கல்யாணம் ஆன நாளா அப்பிடித்தான். அதான் தெகிரியமா குந்திக்கினு இருந்தேன். நீ சொல்றியே இது, இது எப்ப தீரும்?"

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் என்ன சொல்ல? வரலாம், வராமலும் போகலாம், வந்தாலும் முழுசாக வராது, பயிற்சி கொடுக்க வேண்டும், எங்கள் பேச்சுப் பயிற்சியாளர் வேலையை விட்டுப் போய் வேறு ஆள் இன்னும் வரவில்லை. இதை எந்த இலையில் எழுதி எந்த மரத்தில் ஒட்டுவது? "நாளாகும்மா" என்று மட்டும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். கோபம் என்று நினைத்திருந்தபோது அவருக்கு இருந்த தைரியத்தையும் நாங்கள் எடுத்துக்கொண்டுவிட்டோம். உண்மையைச் சொன்னதற்காக வருத்தப்பட முடியாது, ஆனால் அன்றைக்கு எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

அதற்கப்புறம் வந்த நாட்களில் முதல் வருஷப் பையன் தினமும் அந்தக் கட்டிலுக்குப் போனான். ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லிக்கொடுப்பான். அவர் வாயைத் திறப்பார், தொண்டையில் காற்று மட்டும் வரும். பேனாவைக் காட்டுவான், கடிகாரத்தைக் காட்டுவான். அவர் மனைவியைப் பார்ப்பார். மனைவி ஜன்னலைப் பார்ப்பார். சைக்கியாட்ரி டாக்டர் வேறு தாமதமாக வந்து, எதற்குக் கூப்பிட்டீர்கள் என்று எங்களைத் திட்டிவிட்டுப் போனார். அது நியாயமான திட்டு.

ஒரு காலை, ஓ.பி. நெரிசலில் ஒருவரின் கண்ணுக்குள் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அவன் மூச்சிரைக்க வந்து நின்றான்.

"மேடம், வார்டுக்கு வாங்க."

"என்ன, வலிப்பா?"

"திட்டிட்டார், மேடம்."

"யாரு? யாரை?"

"சவுக்குத் தோப்புக்காரர். அவர் வொய்ஃபை. மாத்திரை குடுத்தாங்க, அவர் தலையைத் திருப்பிக்கிட்டார். 'இங்க வந்துமா ரோதன, போடுய்யா'ன்னாங்க. 'போடீ'ன்னுட்டார், மேடம். தெளிவா. சத்தமா."

இது புதிதல்ல. பேச்சு போனவர்களுக்கும் வசவு சில சமயம் மிஞ்சும். யோசித்துச் சொல்கிற வார்த்தைதான் வராது. பழகிப்போய், தானாக வாயில் வந்து விழுகிற வார்த்தைகள் வேறு வழியில் வந்துவிடும். புத்தகத்தில் இதற்கு அரைப் பக்கம் இருக்கிறது. அவனும் அதைப் படித்திருப்பான், தேர்வில் கேட்டால் சரியான விடையைத் தொட்டிருப்பான். ஆனால் அந்த அரைப் பக்கத்தைச் சொல்ல அவன் மாடிப்படி இறங்கி ஓடி வந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். மிச்ச நோயாளிகளை உட்காரச் சொல்லிவிட்டு அவன் பின்னால் போனேன்.

கட்டிலைச் சுற்றி ஏற்கெனவே கூட்டம். கடைசி வருஷப் பெண்ணும் சிஸ்டரும் நின்றார்கள், பக்கத்துக் கட்டில்காரர் டிரிப்ஸ் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த அம்மாவின் முகமெல்லாம் கண்ணீர், அதோடு சிரிப்பு. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கோவம் தீரல, டாக்டரம்மா! இன்னும் கீது! அதே போடீதான், வூட்ல சொல்ற அதே போடீ!"

"அம்மா, இத வச்சி பேச்சு வந்துடுச்சின்னு..." என்று முதல் வருஷம் ஆரம்பித்தான். சொல்ல வந்தது சரிதான். ஒரு வசவு வந்ததால் வாக்கியம் வரும் என்று அர்த்தமில்லை. சொல்லியே ஆக வேண்டியதுதான். ஆனால் நான் அவன் காலை மெல்ல மிதித்தேன், நிறுத்திக்கொண்டான்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தார். இத்தனை பேர் வந்து நின்றது அவருக்குப் பிடிக்கவில்லை.

அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். டம்ளரில் தண்ணீர் ஊற்றினார். தட்டிலிருந்த மாத்திரை உறையை எடுத்தார். திட்டி முடித்த கையோடு அவர் மாத்திரையை விழுங்கியிருந்தார், அது காலி உறைதான். அதை அவர் கண்ணுக்கு நேராக நீட்டினார்.

"யோவ், மாத்திர போடுய்யா. இப்ப நீ போட்டாதான் சோறு."

நாங்கள் எல்லோரும், அவர் திட்டட்டும் என்று காத்து நின்றோம்.